ஃபோல்டரில் போட்டால் மட்டும் மீடியா லைப்ரரியில் வராது

வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் படம் ஏற்றுவது பற்றி மேலே ஒருவர், “எஸ்சிபியில் (சர்வருக்கு ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளை) படங்களை வேர்ட்பிரஸின் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் போதும், மீடியா லைப்ரரியில் தானாக வந்துவிடும்” என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பி ஒரு நாளையே வீணாக்கிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

மீடியா லைப்ரரி, அதாவது ஏற்றிய படங்களைக் காட்டும் அட்மின் பக்கம், ஃபோல்டரைப் பார்ப்பதே இல்லை, டேட்டாபேஸைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் போஸ்ட்ஸ் டேபிளில் ‘அட்டாச்மென்ட்’ வகையில் ஒரு வரி இருக்க வேண்டும். ஃபைல் எங்கே இருக்கிறது, என்னென்ன அளவுகளில் சிறிய படங்கள் இருக்கின்றன என்பது போஸ்ட்மெட்டா டேபிளில் இருக்கும். எஸ்சிபி இவற்றில் எதையும் தொடாது. படத்தின் முகவரியை பிரவுசரில் நேராக அடித்தால் திறக்கும். அதைப் பார்த்துத்தான் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நானும் ஒருமுறை ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களை ஏற்றிவிட்டு, காலியாக இருந்த லைப்ரரியை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

இதற்கென்றே டபிள்யூபி-சிஎல்ஐயில் (வேர்ட்பிரஸை டெர்மினலிலிருந்து கட்டளைகளால் இயக்கும் கருவி) ‘மீடியா இம்போர்ட்’ கட்டளை இருக்கிறது. அது டேட்டாபேஸில் பதிவு செய்து, 150, 300, 1024 பிக்சல் போன்ற அளவுகளிலும் படங்களை உருவாக்கிவிடும். ஏற்கெனவே அப்லோட்ஸுக்குள் போட்டுவிட்டீர்களா? கட்டளையோடு ‘ஸ்கிப்-காப்பி’ என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படமும் இரண்டு பிரதியாகிவிடும். சிறிய படங்களை மீண்டும் உருவாக்கும் ‘மீடியா ரீஜெனரேட்’ கட்டளை இதற்கு உதவாது, அது ஏற்கெனவே பதிவான படங்களுக்கு மட்டும்தான்.

அப்புறம், இந்தக் கட்டளையை ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாதீர்கள். உபுண்டுவில் பெரும்பாலும் வெப் சர்வர் ஓடுவது ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக. ஃபைல்களும் அவை இருக்கும் ஃபோல்டரும் ரூட் பெயரில் இருந்தால் பிறகு அட்மின் பக்கத்திலிருந்து அழிக்கக்கூட முடியாது.