அந்த அக்காவின் நம்பரைக் குழுவில் போடாதீர்கள்

வன்னியில் ஒரு குடும்பத்துக்கு உதவி கேட்பதென்றால் இப்போது ஒரு முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. முதலில் வீட்டு வாசலில் நிற்க வைத்து ஒரு படம். பிறகு அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சுகயீனம் என்றால் கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு. கணவர் இல்லாத பெண் என்றால் அதையும் எழுதி, எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்தக் கிராமம் என்றெல்லாம் சேர்த்து, அடியில் அவருடைய போன் நம்பரையும் போட்டு வட்ஸ்அப் குழுவில் விடுகிறோம். "அதிகம் பகிருங்கள் உறவுகளே" என்று கடைசியில் ஒரு வரி. அரை மணித்தியாலத்துக்குள் அது கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் நிற்கும்.

இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் வேலை வெட்டியை விட்டு, சொந்தப் பெற்றோலில் ஓடித் திரிந்து செய்கிறார்கள். இப்படி வந்த காசில் எத்தனை வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது, எத்தனை பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறது என்று எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். செய்கிற முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

பரந்தன் முல்லைத்தீவு வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். செல்லடியில் ஒரு கால் ஏலாமல் போனவர். பிள்ளைகளோடு தனியே இருக்கிறார். இரண்டு மூன்று வருசத்துக்கு முன் அவருக்காக ஒரு கோரிக்கை குழுக்களில் போனது. உதவி கிடைத்தது, நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அந்தப் பதிவு முடியவில்லை. அதில் திகதி இல்லை. யாரோ ஒருவர் தன் போனில் பழையதைக் கண்டு, மனம் கேட்காமல் திரும்ப ஒரு குழுவில் போடுகிறார். வாசிக்கிறவருக்கு அது இன்றைய செய்தி. உடனே போன்கள் வரத் தொடங்கும். அதில் உண்மையாக உதவ நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எடுத்து "தனியவோ இருக்கிறீங்கள்?" என்று கேட்கிறவர். காசு அனுப்புகிறேன், முதலில் வீடியோவில் முகத்தைக் காட்டுங்கோ என்கிறவர். வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, எடுக்க இவ்வளவு கட்ட வேண்டும் என்கிறவர்.

நம்பரை மாற்றுங்கோவன் என்று நானும் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "அந்த நம்பர்தான் தம்பி பள்ளிக்கூடத்திலயும் குடுத்தது, பாங்கிலயும் குடுத்தது, கிளினிக்கிலயும் குடுத்தது. அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக் காசுக்கும் அதுதான். எல்லா இடமும் ஏறி இறங்க என்ர காலுக்கு ஏலுமே? தெரியாத நம்பர் அடிக்கேக்க நெஞ்சு பதறுது. உதவி செய்யிற ஆரோ எண்டு நினைச்சா எடுக்காமலும் விடேலாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. வசதியான ஒருவர் தெரியாத நம்பர் வந்தால் வெட்டிவிடுவார். இந்த அக்காவால் அது முடியாது. உதவி தேவைப்படுகிற வீட்டில், அடிக்கிற போனை எடுத்தே ஆக வேண்டும். அது தெரிந்தவன்தான் அந்த நேரத்தில் அடிக்கிறான்.

இதைச் சொன்னால் சில தம்பிமார் "வட்ஸ்அப் பாதுகாப்பானதுதானே அண்ணா, என்கிரிப்ட் பண்ணித்தானே போகுது" என்கிறார்கள். போகிறதுதான். 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளும் அனுப்பும் போனுக்கும் வாங்கும் போனுக்கும் இடையில் பூட்டித்தான் போகின்றன. சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலி பாவிக்கும் அதே முறைதான். நடுவில் நிற்கிற தொலைபேசிக் கம்பனியோ வட்ஸ்அப்போ உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. அது பெரிய விசயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூட்டு வழியில் மட்டும்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் அது திறந்துதான் கிடக்கும். நூற்றுக்கணக்கான பேர் இருக்கிற குழுவில் போட்டால் நூற்றுக்கணக்கான போன்களில் திறந்து கிடக்கும். அந்தப் போன்களில் பலதில் வருகிற படம் எல்லாம் தானாகவே கலரிக்குள், அதாவது போனின் படத் தொகுப்புக்குள், இறங்கும். கலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறும். வட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும். அந்தப் பேக்கப்பையும் பூட்டி வைக்கும் வசதியை 2021இல்தான் தந்தார்கள், அதுவும் நாங்களே செட்டிங்ஸில் போய்ப் போட்டால்தான் வேலை செய்யும். எத்தனை பேர் போட்டிருக்கிறோம்? இதற்கு மேல், போன் பழுது என்று கடையில் குடுத்துவிட்டு லொக் நம்பரையும் துண்டில் எழுதிக் குடுத்துவிட்டு வருகிறோம்.

டெலிகிராம் செயலியில் அந்தப் பூட்டும் இல்லை. அங்கே இரகசிய அரட்டை என்று தனியாகத் திறந்தால்தான் இருவருக்கிடையில் பூட்டு விழும். குழுக்களுக்கு அது கிடையவே கிடையாது. டெலிகிராம் என்றால் எல்லாம் இரகசியம் என்று எங்கள் பெடியள் நம்பிக்கொண்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடையாள அட்டைப் படம் என்று லேசாகச் சொல்கிறோம். பழைய அட்டையில் இருக்கிற ஒன்பது இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தாலே வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். விலாசம் அட்டையிலேயே இருக்கிறது. சிம் எடுப்பது, கணக்குத் திறப்பது, கடனுக்குக் கையெழுத்து வைப்பது எல்லாம் இந்த அட்டையை வைத்துத்தான். அதையும் வங்கிப் புத்தகத்தையும் போன் நம்பரையும் ஒரே பதிவில் வைத்துக் குடுப்பது வீட்டுத் திறப்பைச் சந்தியில் தொங்கவிடுவது மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, அது எங்களுக்கென்றே உள்ளது. எங்கள் சனத்தைப் போலப் பதியப்பட்ட சனம் குறைவு. 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்குள் போனபோது பதிவு. வெளியே வரும்போது பதிவு. மீள்குடியேறப் போன இடத்தில் திரும்பவும் குடும்பப் படம், திரும்பவும் படிவம். ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை, இல்லாதவர் எங்கே என்ற கேள்விகள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, வேறு வழி இருக்கவில்லை. அப்போது பட்டதால் வந்த ஒரு கவனம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தது. "போனில கதைக்காத, நேரில வா" என்பார்கள். இப்போது ஒருவரும் கேட்காமலே அதைவிடக் கூடுதலான விவரத்தை நாங்களே எழுதி, படமும் வைத்து, தெரியாத ஆட்கள் நிறைந்த குழுவில் போடுகிறோம். "முன்னாள் போராளி, புனர்வாழ்வு பெற்றவர்" என்று பெயரோடும் ஊரோடும் நம்பரோடும் போட்ட கோரிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரி வெளிநாட்டில் ஒருவரின் மனதை இளக்கும், சரி. இங்கே அந்த வரியை இன்னும் ஆரார் சேர்த்து வைப்பார்கள் என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்தாரா?

பெரிய குழுவில் ஆர் இருக்கிறார் என்று அட்மினுக்கே தெரியாது. இணைப்பு லிங்கைப் பொதுவில் விட்டால் ஆரும் உள்ளே வரலாம். வந்தவருக்கு உறுப்பினர் எல்லோருடைய நம்பரும் தெரியும். ஒரு செய்தியும் போடத் தேவையில்லை, அந்தப் பட்டியல் ஒன்றே போதும். காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட போராட்டத்துக்கு ஒரு குழு தொடங்கினால், அதன் பெயர்ப் பட்டியலே ஒரு ஆவணம்தான். ஆர் ஆரோடு, எப்போது, எத்தனை தரம் கதைத்தார் என்பது செய்தியைப் பூட்டுவதால் மறையாது. அந்த விவரம் செயலிக் கம்பனியிடம் போகிறது. வட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் வாங்கியது. 2021 ஜனவரியில் புதிய விதிகளுக்குச் சம்மதியுங்கள் என்று கேட்டபோது உலகம் முழுக்க ஆட்கள் சிக்னலுக்கு ஓடியதும் இந்தக் கவலையில்தான். சிக்னலிடம் 2016இல் அமெரிக்காவில் நீதிமன்ற வழியாகத் தகவல் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான் குடுக்க இருந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. கவனமாகச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு நான் சிக்னலைத்தான் சொல்வேன். ஆனால் அந்த அக்காவின் போனில் இருப்பது வட்ஸ்அப்தான், அவர் பிள்ளையின் வகுப்புக் குழுவும் அதில்தான். அவரைச் செயலி மாற்றச் சொல்லிப் பயனில்லை. மாற வேண்டியவர்கள் அனுப்புகிற நாங்கள்.

சட்டம் பார்க்கும் என்று இருக்கவும் முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் விவரத்தையும் சுகாதார விவரத்தையும் விசேட வகை என்று அது சொல்கிறது. 2025 மார்ச்சில் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வர இருந்தன, அதையும் தள்ளிப் போட்டார்கள். 1979இலிருந்து இருக்கிற பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு அப்படி ஒரு தாமதமும் இருந்ததில்லை. முகநூல் பதிவுக்காகவே அதன் கீழ் ஆட்கள் உள்ளே போனதைக் கண்டிருக்கிறோம்.

இனி, புலம்பெயர்ந்த உறவுகள் கேட்கிற கேள்வி. "ஆதாரம் இல்லாமல் எப்படி நம்பிக் காசு அனுப்புவது?" நியாயமான கேள்வி. ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், உழைத்த காசு. ஆனால் ஆதாரம் காசு குடுக்கிறவருக்குத்தான் தேவை, குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஏன்? குழுவில் தேவையை மட்டும் எழுதுங்கள்: ஒரு தாய், மூன்று பிள்ளைகள், தையல் மெஷின் தேவை, முல்லைத்தீவு மாவட்டம், திகதி இது, தொடர்புக்கு நான். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். தொடர்பு நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும், கஸ்டமான போன்களை நீங்கள் எடுங்கள். முன்வருகிறவருக்கு வங்கி விவரத்தைத் தனியே அனுப்புங்கள், அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு. அவர் சரி பார்க்க விரும்பினால் மாதர் சங்கத் தலைவியோடோ பள்ளி அதிபரோடோ கதைக்க விடுங்கள். வேலை முடிந்ததும் "உதவி கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்" என்று அதே குழுவில் எழுதுங்கள். உதவி வாங்கும்போது பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்துப் போடுவதையும் விடுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு ஏ.எல் வகுப்பில் இருக்கும். அந்தப் படமும் எங்கேயோ இருக்கும்.

பள்ளிக்கூடக் குழு, சங்கக் குழு, அலுவலகக் குழு எல்லாவற்றுக்கும் இதுதான். பிறப்புச் சான்றிதழை, அட்டைப் பிரதியைக் "குறூப்பில போடுங்கோ" என்று சொல்லாதீர்கள். உங்கள் நம்பருக்குத் தனியே அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்காவின் போனைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கி நீங்களே செய்து குடுங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில், தன்னை ஆர் குழுவில் சேர்க்கலாம் என்பதைத் தெரிந்த நம்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தெரியாத அழைப்புகளை அடங்க வைக்கும் வசதி உண்டு, ராத்திரியில் என்றாலும் போட்டுவிடுங்கள். வட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டாக ஒரு பின் நம்பர் வையுங்கள். வட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்கக் கோட் வந்தால் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லக் கூடாது என்று விளங்கப்படுத்துங்கள். இணைத்த கருவிகள் என்ற இடத்தில் தெரியாத கணினி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். படம் தானாகக் கலரிக்குள் இறங்குவதை நிற்பாட்டுங்கள்.

அட்மின்மாரிடம் ஒரு வேண்டுகோள். குழுவில் வேறொருவர் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்க உங்களால் முடியும், ஆனால் இரண்டு நாள் மட்டில்தான் அந்த வழி திறந்திருக்கும். நம்பரோடும் அட்டையோடும் ஒரு கோரிக்கை வந்தால் அன்றைக்கே அழித்துவிட்டு, போட்டவரைத் தனியே எடுத்துக் கதையுங்கள். பழையவற்றை உங்களால் அழிக்க முடியாது. அவை எங்கள் ஒவ்வொருவருடைய கலரிக்குள்ளும்தான் இருக்கின்றன. இதை வாசித்து முடித்ததும் உங்கள் கலரியைத் திறந்து, அப்படி இருக்கிற அட்டைப் படங்களையும் வங்கிப் புத்தகப் படங்களையும் தேடி அழித்துவிடுங்கள்.