இருபது வளைவு, இருபது வைத்தியம்

(சேலம், அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீடு. ராத்திரி ஒன்பதரை. ஏற்காடு பஸ் கண்டக்டர் டூட்டி முடிந்து வந்து, தோல் பையைக் கழற்றித் திண்ணையில் வைக்கிறார்.)

மனைவி: என்னங்க, ஆளு வந்தும் சத்தத்தைக் காணோம்?

கண்டக்டர்: (காற்றுக் குரலில்) தொண்டை வறண்டு போச்சு புள்ள. விசில் ஊதுனா ‘புஸ்ஸு’ங்குது. டிரைவர் அண்ணன் டயர் பஞ்சர்னு வண்டிய ஓரங்கட்டிட்டாரு.

மனைவி: பையில சில்லறைய விட பொட்டணம் ஜாஸ்தியா இருக்கு?

கண்டக்டர்: மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு வைத்தியம். (ஆலோசனைக்கும் டிக்கெட் கிழித்திருந்தால் டிப்போ லாபத்தில் ஓடும்.) அஞ்சாவதுல பனங்கற்கண்டு. ஒன்பதாவதுல ஒரு எஸ்டேட் அக்கா, சில்வர் ஓக் மரத்துல படர்ந்த மிளகாம், பத்து எண்ணிக் குடுத்து மெல்லுன்னாங்க. அடுத்த மூணு வளைவுக்கும் கண்ணுல தண்ணி. யாருக்கு டிக்கெட் குடுத்தேன்னே தெரியல.

மனைவி: இது என்ன வேரு? அதிமதுரமா? எடுத்து வைங்க அந்தாண்ட.

கண்டக்டர்: பெரியவரு பாசமாக் குடுத்தாரு...

மனைவி: நீங்க பிரஷர் மாத்திரை போடறது அவருக்குத் தெரியுமா? அதிமதுரம் பிரஷரை ஏத்தும். உப்புத்தண்ணி கொப்புளிச்சீங்களா?

கண்டக்டர்: மேல டீக்கடையில ஒரு கைப்பிடி உப்பு போட்டுக் குடுத்தான். ஊறுகா ஆயிட்டேன்.

மனைவி: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் போதும். கொப்புளிச்சுத் துப்பிடணும்.

கண்டக்டர்: துப்பணுமா?

(இருவரும் சற்று நேரம் பேசவில்லை.)

மனைவி: ராத்திரி டேபிள் ஃபேனுக்கு நேரா வாயத் தொறந்துட்டு தூங்கறீங்க. வறளாம என்ன பண்ணும்?

கண்டக்டர்: நானா? வாயத் தொறந்தா?

மனைவி: போன வாரம் ஒரு கொசு உள்ள போயிட்டு நிதானமா வெளிய வந்துச்சுங்க. நாந்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னிக்கு ஃபேன சொவத்தப் பாத்துத் திருப்பறேன். ஒரு வாரத்துல சரியாகலைன்னா டாக்டரு. அது இருபத்தொண்ணாவது வளைவு.

(பையின் அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாள். காலையில் நிரப்பியது, கழுத்து வரை அப்படியே இருக்கிறது.)

மனைவி: இது?

கண்டக்டர்: குடிச்சா நடு மலையில எங்க புள்ள எறங்கறது? குரங்கெல்லாம் வரிசையா உக்காந்து பாக்குது.

மனைவி: ஏற்காட்டுல வண்டி நிக்கும்ல, அப்பக் குடிக்கறது?

கண்டக்டர்: அப்ப டீ குடிப்பேன்.

மனைவி: தெனமும் இது ரொம்பித்தான் திரும்பி வருது. என்ன பண்றேன்னு தெரியுமா? கொல்லையில கருவேப்பிலைக்கு ஊத்தறேன்.

(கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார். கருவேப்பிலை கூரையைத் தாண்டி நிற்கிறது.)

கண்டக்டர்: அடேயப்பா!

மனைவி: அதுக்கு ஒரு நாளும் தொண்டை வறண்டதில்லீங்க. இன்னிக்கு அதுக்குக் கெடையாது. இந்தாங்க, குடிங்க.