டெகன்கோல்ப் முடிந்துபோன ஆளா?

"2015-க்கு அப்புறம் அந்த ஆள் என்னத்தைக் கிழிச்சாரு?" என்று டெகன்கோல்பைப் பற்றி, சைக்கிள் பந்தயம் பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அங்கேயே சண்டை போட்டிருக்கலாம். டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். மிச்சத்தை இங்கே போடுகிறேன்.

ஜான் டெகன்கோல்ப், ஜெர்மன் சைக்கிள் பந்தய வீரர், 1989-ல் கேராவில் பிறந்தவர். போலீஸ் பயிற்சி எடுத்தவரும்கூட. அந்த மீசையைப் பார்த்தாலே தெரியும். 2015 மார்ச்சில் இத்தாலியின் பெரிய ஒருநாள் பந்தயமான மிலான்–சான் ரெமோவை ஜெயித்தார், மூன்றே வாரத்தில் பிரான்ஸின் பாரி–ரூபே (சுருக்கமாக ரூபே). ஒரே வருடத்தில் இந்த இரண்டையும் அவருக்கு முன் ஜெயித்தவர்கள் இரண்டே பேர்: 1908-ல் வான் ஹவ்வெர்ட், 1986-ல் ஷான் கெல்லி. ரூபேயில் ஒரு ஜெர்மன்காரர் ஜெயித்தது 1896-ல் நடந்த முதல் பந்தயத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அதுவும் ஸ்பிரின்டர்கள், அதாவது கடைசி நிமிஷத்தில் சீறிப் பாய்பவர்கள், வழக்கமாகச் செய்வதுபோல மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து வாங்கிய வெற்றி இல்லை. கடைசிப் பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் தானே பாய்ந்துபோய் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தார். அதற்கப்புறம்தான் பந்தயம் முடியும் சைக்கிள் மைதானமான வெலோட்ரோமில் ஸ்பிரின்ட்.

நண்பர் நிறுத்துவது இங்கே. எனக்குக் கதை தொடங்குவதே இதற்கப்புறம்தான்.

2016 ஜனவரி, ஸ்பெயினில் பயிற்சி முகாம். தப்பான பக்கத்தில் ஓட்டிவந்த ஒரு கார், அவரது அணி வீரர்கள் ஆறு பேர் மேல் மோதியது. டெகன்கோல்பின் இடது கை ஆள்காட்டி விரல் கிட்டத்தட்டத் துண்டாகிவிட்டது. விரல்தானே என்று நினைக்க வேண்டாம். ரூபே பாதையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழைய வண்டித்தடம். ஹேண்டில்பார் கைக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக் அந்த விரலில்தான் இருக்கும். அந்த வருட வசந்தகாலப் பந்தயங்கள் மொத்தமும் போயின. அதற்கப்புறம் இரண்டு வருடம், "முடிஞ்சுது" என்ற பேச்சு.

2018 ஜூலை, டூர் டி பிரான்ஸ், ஒன்பதாம் கட்டம். முடியும் இடம் அதே ரூபே. பெல்ஜியக்காரர்கள் வான் ஆவர்மாட்டையும் லாம்பர்ட்டையும் முந்திக் கோட்டைத் தாண்டினார். இறந்துபோன, அப்பா மாதிரியான ஒரு குடும்ப நண்பருக்கு அந்த வெற்றியைக் கொடுத்துவிட்டுக் கேமரா முன்னாலேயே அழுதார். எனக்கு 2015-ஐவிட இதுதான் பெரிது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இன்னொன்றை நண்பர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். 2019-ல் ஜூனியர்களுக்கான பாரி–ரூபே, காசில்லாமல் நின்றுபோக இருந்தது. டெகன்கோல்ப் தன் கையிலிருந்தும் போட்டு, ரசிகர்களிடமும் நிதி திரட்டினார். பந்தயம் நடந்தது. எந்தப் பட்டியலிலும் இதற்குப் புள்ளி கிடையாது.

2023 ரூபேயில் முப்பத்து நாலு வயதில் முன்னணிக் கூட்டத்தோடு இருந்தார். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் கார்ஃபூர் டி லார்ப்ர் என்ற கல்பாதையில் நடந்த தள்ளுமுள்ளில் விழுந்தார். எழுந்து ஓட்டி ஏழாவதாக வந்து, வெலோட்ரோம் புல்லில் படுத்து அழுதார். 'கிழிச்சாரா' என்று கேட்டவர் அந்த வீடியோவை ஒரு தடவை பார்க்கட்டும்.

ஆர்னேங்கிலிருந்து வாண்டினி வரை 3.7 கிலோமீட்டர், பாரி–ரூபேயின் மிக நீளமான கல்பாதைகளில் ஒன்று. 2020-ல் அதற்கு டெகன்கோல்ப் பேரை வைத்தார்கள். மனிதர் அதற்கப்புறமும் ஓய்வு பெறாமல், தன் பேர் வைத்த கல்மேலேயே குலுங்கிக் குலுங்கி ஓட்டிப் போனார்.