ஒரு மோட்டரை எரித்துவிட்டு சேர்ட்டிபிக்கட் கேட்காதீர்கள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசையை அளக்கும் ஒரு லோட் செல், அதன் சிக்னலை எண்ணாக்கும் ஒரு எச்எக்ஸ்711 போர்ட் வாங்குகிறீர்கள். வீட்டில் செய்த ரொக்கெட் மோட்டரை ஒருதரம் எரித்து, "இது ஜி கிளாஸ், சேர்ட்டிபிக்கட் எடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். எதை வைத்து ஜி என்கிறீர்கள்?

அந்தப் போர்ட் வழமையாக செக்கனுக்கு 10 அளவுதான் எடுக்கும். ஒன்றரைச் செக்கனில் எரிந்து முடிகிற மோட்டருக்கு வெறும் 15 புள்ளி! பற்றும்போது வருகிற உச்ச உந்துவிசை இரண்டு புள்ளிக்கு நடுவில் காணாமல் போய்விடும். ஜி என்றால் மொத்தக் கணத்தாக்கு 80.01 முதல் 160 நியூட்டன் செக்கன். அது உந்துவிசை-நேர வரைபின் கீழுள்ள பரப்பு. வரைபே ஓட்டை என்றால் பரப்பு எங்கிருந்து வரும்?

சரி, அளவு சரியென்றே வைப்போம். எரித்த மோட்டர் முடிந்த கதை. அடுத்ததும் அப்படியே எரியும் என்று யார் பொறுப்பு? எரிபொருளுக்குள்ளே ஒரு காற்றுக்குமிழ் போதும்: எரியும் பரப்புக் கூடும், அமுக்கம் ஏறும், உறை வெடிக்கும். அதனால்தான் அமெரிக்காவில் என்ஏஆர், ட்ரிபொலி என்ற ரொக்கெட் சங்கங்கள் உற்பத்தியாளரின் மாதிரிகளைப் பலமுறை எரித்துப் பார்த்து, அந்த வகைக்குச் சான்று கொடுக்கின்றன. ஜி80-7 என்றால், எரிந்து முடிந்தபின் பரசூட்டை வெளித்தள்ளும்வரையான அந்த 7 செக்கன் தாமதம்கூட ஒன்றரைச் செக்கனுக்கு மேல் பிசகக்கூடாது. தனி ஒருவரின் ஒற்றை மோட்டருக்கு அங்கே சான்றே இல்லை.

இங்கே இலங்கையிலோ 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் மொட்டைமாடியில் கொளுத்துகிறவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லையா?