கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாதுங்க

அண்ணா, ‘சாயப்பட்டறை விபத்தில் இறந்தவரோட சம்சாரம் முதலாளிகிட்ட பணம் வாங்கி முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் கேஸ் போட முடியாது’ன்னு நீங்க எழுதினது தப்புங்க. 1923 பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 8(1) பிரிவுபடி, சாவுக்கான இழப்பீட்டை முதலாளி அரசோட இழப்பீட்டு ஆணையர்கிட்டத்தான் கட்டணும். நேர்ல கொடுத்தது இழப்பீடாகவே கணக்காகாது. மூணு மாசச் சம்பளம் வரை கொடுத்த முன்பணத்தை மட்டும் கழிச்சுக்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுதானுங்க; ஆணையர் இடத்துல ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ன்னு இருக்கு. மைனர் குழந்தைங்க, விதவைத் தாய் பங்கெல்லாம் இந்த இழப்பீட்டுல இருக்கு. ஒருத்தர் கையெழுத்துல அதை விட்டுக்கொடுக்க முடியாது, பிரிச்சுக் கொடுக்கறது அந்த அதிகாரிதான். (ஈ.எஸ்.ஐ.ல இருந்தவருக்கு வழி வேற: சார்ந்தோர் உதவித்தொகை.) இறந்த தேதியிலிருந்து 2 வருஷத்துக்குள்ள மனு போடணும். பஞ்சாயத்துப் பேச்சுலயே அந்தக் கெடு ஓடிப்போகுது, தயவுசெஞ்சு அந்தக் குடும்பத்தைத் தடுத்துடாதீங்க.