இலை பாக்க வந்தீங்களா, வழிய மறிக்க வந்தீங்களா?

"கியோட்டோவுல யாருக்குமே தெரியாத அமைதியான மலைக்கோயில்"னு வீடியோ போடுறவங்க ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். யாருக்கும் தெரியாதுன்னா நீ எப்படிய்யா போன? உன் வீடியோவுலயே பின்னாடி அம்பது பேர் வரிசையில நிக்கிறாங்களே, அவங்கல்லாம் யாரு, மரமா?

நான் சொல்றது தகாவோ பத்தி. கியோட்டோ ஸ்டேஷன்ல இருந்து வடமேற்குப் பக்கமா பஸ்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அங்க மலை மேல ஜிங்கோஜின்னு ஒரு பௌத்தக் கோயில். ஜப்பான்ல ஷிங்கோன்ங்கிற பௌத்தப் பிரிவ ஆரம்பிச்ச கூக்காய்ங்கிற துறவி சீனாவுல படிச்சிட்டு திரும்பி வந்தப்புறம் 809ல இருந்து பல வருஷம் தங்கியிருந்த இடம் அது. மலைங்கிறதால குளிர் சீக்கிரம் இறங்கிடும், அதனால ஊருக்குள்ள மேப்பிள் மர இலை இன்னும் பச்சையும் மஞ்சளுமா முழிச்சிட்டு இருக்கும்போதே இங்க நவம்பர் நடுவுல மலையே சிவந்துடும். அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சிப் பிடிச்சி ஓடுறாங்க, நானும் அதுக்குத்தான் போனேன், அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

பஸ்ஸ விட்டு இறங்கினா உடனே கோயில் வந்துடாது. மொதல்ல கீழ கியோதாகி ஆத்துக்கு இறங்கணும், சிவப்புப் பாலத்தத் தாண்டணும், அப்புறம் ஏறக்குறைய 400 கல்படி. ஒரு படி உயரம், ஒரு படி குட்டை, ஈர இலை விழுந்து கிடந்தா வழுக்கும். அதுல எழுபது எம்பது வயசு ஜப்பான் பாட்டிங்க கைத்தடிய ஊனிக்கிட்டு, நின்னு நின்னு, மூச்சு வாங்கிட்டு, திரும்ப ஏறுவாங்க. பாத்தா நமக்கே வெக்கமா இருக்கும்.

அப்படி ஏறி வந்தா உள்ள என்ன நடக்குதுன்னு கேளுங்க. மெயின் கோயிலுக்குப் போற அகலமான படிக்கட்டு இருக்கு இல்ல, அதுக்கு நட்ட நடுவுல ஒரு ஜோடி. அந்தப் பொண்ணு மேல இருந்து மெதுவா இறங்கி வரணுமாம், பாதியில நின்னு இலைய அண்ணாந்து பாக்கணுமாம், கீழ இருந்து இவரு வீடியோ எடுப்பாராம். எடுத்தாச்சு. பாத்தாச்சு. முடி சரியா பறக்கலயாம், திரும்ப மேல ஏறு. திரும்ப எடுத்தா பின்னாடி எவனோ வந்துட்டானாம், திரும்ப ஏறு. கீழ ஒரு பாட்டி ஓரமா நின்னுட்டு இருக்காங்க, ஒரு வார்த்தை பேசல, பிரேம்ல விழுந்துடக் கூடாதேன்னு பாவம் தலையக் குனிஞ்சிக்கிறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். போய் கொஞ்சம் நகருங்கன்னு சொன்னா "ஒன் மினிட் ப்ரோ"ங்கிறான். ப்ரோவாம்! எந்த நாட்டுக்காரன்னு கேக்காதீங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் உலகமே ஒத்துமையா இருக்கு.

இது பரவாயில்ல. இன்னொருத்தன் கிளையப் பிடிச்சு உலுக்குறான்யா. இலை கொட்டுற மாதிரி ரீல் வேணுமாம். ராத்திரி குளிர் எட்டு டிகிரி வாக்குல இறங்கி, பகல்ல நல்லா வெயில் அடிச்சி, பச்சை நிறமி உடைஞ்சி, இலைக்குள்ள தங்கிப் போன சர்க்கரையில இருந்து செவப்பு ஏறுறதுக்கு வாரக்கணக்குல ஆகும். அது எல்லாம் முடிஞ்சி தானா விழப்போற இலை, அதுக்குள்ள இவருக்கு அவசரம். அப்புறம் ரெண்டு கையாலயும் அள்ளி தலைக்கு மேல வீசி, அதையும் எடுத்து, மிச்சத்த படியிலயே போட்டுட்டுப் போயிட்டான். பெருக்குறவங்க மறுபடி வந்து பெருக்கட்டும்னு விட்டுட்டான் போல, பெரிய ஜமீன்தாரு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அத்தன கூட்டமும் வெளியதான். உள்ள மருந்து புத்தர், யகுஷி, நின்ன கோலத்துல இருக்காரு, மரத்துல செதுக்கினது, 1200 வருஷப் பழசு, தேசியப் பொக்கிஷம். புத்தர்னா சாந்தமா சிரிச்சிட்டு இருப்பாருன்னு நெனச்சிட்டுப் போனீங்கன்னா தூக்கிவாரிப் போட்டுடும், முகம் அப்படி ஒரு கடுகடுப்பு, என்னடா பண்ணிட்டு வந்திருக்கனு கேக்குற மாதிரி. அங்க ஆளே இல்ல! ஏன்னா உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. எடுக்க முடியாதுன்னா பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க.

மேற்கு ஓரத்துல பள்ளத்தாக்கப் பாத்து மண் தட்டு வீசுற இடம் ஒண்ணு இருக்கு. சுட்ட சின்ன மண் தட்டு, அத வீசினா கெட்டது போயிடும்னு நம்பிக்கை. அங்கயும் இதே கதைதான். வீசினது வீடியோவுல சரியா விழலன்னு காசு குடுத்து திரும்பத் திரும்ப வாங்கி வீசுறாங்க. அவ்வளவு கெட்டதாப்பா உங்க கிட்ட இருக்கு?

"சீசன்னா கூட்டம் இருக்கத்தான் செய்யும், வீட்லயே இருக்க வேண்டியதுதானே"னு உடனே ஒருத்தர் வருவாரு. அய்யா, கூட்டம் புதுசே இல்ல. கானோ ஹிதேயோரின்னு ஒரு ஓவியர் 16ஆம் நூற்றாண்டுல இதே தகாவோவ மடிப்புத் திரையில வரைஞ்சிருக்காரு, இப்ப டோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கு. அதுலயும் ஜனங்க ஆத்தோரமா உக்காந்து சாக்கேங்கிற அரிசி மது குடிக்கிறாங்க, ஆடுறாங்க, ஒரு அம்மா குழந்தைக்குப் பால் குடுக்குறாங்க. தாராளமா பண்ணுங்க, யாரு வேணாம்னா? அவங்க ஆத்தங்கரையில உக்காந்து கொண்டாடினாங்க, படிக்கட்டுல குறுக்க நின்னு பாட்டிய காக்க வைக்கல.

கியோட்டோ ஊருக்குள்ள தோஃபுகுஜின்னு இன்னொரு கோயில்ல இப்படியே போய் கடைசியில 2016ல இலை சீசனுக்கு அங்க இருக்குற பெரிய மரப்பாலத்து மேல போட்டோவே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுவும் என்ன கோயில் தெரியுமா, செர்ரி மரம் இருந்தா ஜனம் கும்மாளம் போட வந்துடும்னு அந்தக் காலத்துலயே மரத்தையெல்லாம் வெட்ட வச்சதா கதை சொல்ற கோயில். பாவம், மேப்பிள விட்டு வச்சாங்க.

திரும்பி வரும்போது பஸ்ல மூச்சு விட எடமில்ல, எவனோ பெரிய சூட்கேஸோட ஏறி வழியில நட்டு வச்சிருக்கான், கோயிலுக்கு எதுக்குடா சூட்கேஸு. பக்கத்துல நின்னவரு போன்ல கிளிப்ப ஒட்டி வெட்டி பாட்டெல்லாம் போட்டு முடிச்சிட்டு என்னப் பாத்து கேக்குறாரு, "இப்ப நாம போனோமே, அந்தக் கோயில் பேரு என்ன? லொகேஷன் போடணும்." டிக்கெட்ல எழுதியிருக்கும் பாருங்கன்னேன். டிக்கெட்ட அங்கயே எங்கயோ போட்டுட்டாராம்.