செத்தது 41 பேர், தலைப்பில் ஓடுவது கூட்டணிக் கணக்கு

கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை இரவு, நெரிசலில் சிக்கி 41 பேர் செத்துப்போனார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். விஜய்யைப் பார்க்கப் பகலிலிருந்தே காத்துக் கிடந்த சனம். ஈமக் காரியம் முடிவதற்குள் தலைப்புகள் கிளம்பிவிட்டன: யாருக்குப் பின்னடைவு, யாருக்கு லாபம், கூட்டணிக் கணக்கு மாறுமா? படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று திரிகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தத் தம்ப்நெயில்களைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் விஜய் முகம், மறு ஓரத்தில் ஸ்டாலின் முகம், நடுவில் மின்னல் கோடு. பின்னால் மங்கலாக, தலையில் அடித்துக்கொண்டு அழுகிற ஒரு தாய். அவள் மேலேயே மஞ்சள் எழுத்தில் ‘செக்’, ‘மாஸ்டர் பிளான்’, ‘அதிரடித் திருப்பம்’. பிள்ளையைப் பறிகொடுத்தவளை யாரைக் கேட்டு அங்கே ஒட்டினீர்கள்? டிவியில் இன்னும் மோசம். ‘பலி எண்ணிக்கை உயர்வு’ என்று சிவப்புப் பட்டை ஓடும்போது பின்னணியில் தடதடவென்று மேளச் சத்தம். ஒவ்வொரு உயிர் போவதும் ஒரு ரன் எடுத்த மாதிரி.

அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அன்றைக்கும் அதே பாட்டுதான்: யாருக்குச் சிக்கல், யாருக்கு நிம்மதி? அத்தனை பேர் கூடும் கூட்டத்துக்கு அந்த இடத்தை யார் முடிவு செய்தது, தலைவர் வர ஏன் அவ்வளவு தாமதம், கூட்டம் பிதுங்கியபோது போலீஸ் என்ன செய்தது? செத்தவர்களின் வீட்டார் கேட்டது இதைத்தான். இவை உள்ளே ஆறாவது பத்தியில் எங்கோ கிடக்கும். அந்த வீட்டார் கையிலும் போன் இருக்கிறது. நீங்கள் போடுகிற ஒவ்வொரு நோட்டிபிகேஷனும் அவர்களுக்கும்தான் போகிறது.

கேட்டால், மக்கள் இதைத்தான் கிளிக் செய்கிறார்கள் என்கிறார்கள். வேறு எதைக் கொடுத்துப் பார்த்தீர்கள்? அப்புறம் இன்னொரு சாக்கு, தலைப்பில் இடம் இல்லையாம்.

சரி, இடத்தைப் பற்றியே பேசுவோம். 2018 மே 22, ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள். தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மேல் போலீஸ் சுட்டது. ‘துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி’ என்றுதான் இன்றுவரை எழுதுகிறோம். துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டதா? ‘போலீஸ் சுட்டு 13 பேர் சாவு’ என்று எழுதிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தால் நாலு எழுத்து குறைவு. இடம் மிச்சம்தான் ஆகிறது. ஆனாலும் சுட்டவர் யாரென்று தலைப்பில் வராது. அடிபட்ட சனம் மட்டும் ‘கலவரக்காரர்கள்’ என்று கொட்டை எழுத்தில் வரும்.

ஓடிக்கொண்டிருந்தவர்களைத்தான் போலீஸ் சுட்டது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதிக் கொடுத்து, 2022 அக்டோபரில் அந்த அறிக்கை சட்டமன்றத்திலேயே வைக்கப்பட்டாயிற்று. அதற்குப் பிறகும் அந்த நாளை ‘தூத்துக்குடி கலவரம்’ என்று எழுத எப்படிக் கை வருகிறது? உங்கள் பழைய செய்திகளைத் தேடி எடுங்கள். அந்தத் தலைப்பை மாற்றுங்கள். அடுத்த மே 22 வருவதற்குள் மாற்றுங்கள்.